வாசோகன்ஸ்டிரிக்‌ஷன்: சுருக்கமா, ஒடுக்கமா?

> வாசோகன்ஸ்டிரிக்‌ஷன் – இரத்தநாளச் சுருக்கம்
> வாசோடைலேஷன் – இரத்தநாள விரிப்பு
> ஸ்டெனோசிஸ் – இரத்தநாளச் சுருக்கம்

வணக்கம் ஐயா. மேலுள்ள மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒரே சொல் விழுந்திருக்கிறது. முதலாவது, சுவரிலுள்ள மென்தசை இறுகுவதால் வருவது. தசை தளர்ந்தால் மறையும். மூன்றாவது, கொழுப்புப் படிவு போன்றவற்றால் ஓரிடம் நிலையாகக் குறுகிப்போவது. தசையைத் தளர்த்தும் மருந்து அந்தப் படிவைக் கரைக்காது.

'நாளம்' என்பதும் இடிக்கிறது. இலங்கைப் பாடநூல்களில் நாளம் என்றால் சிரை, தமனிக்கு நாடி. ஆனால் ஓட்டத்துக்குத் தடையைக் கூட்டிக் குறைப்பதில் பெரும்பங்கு நுண்தமனிகளுக்கே. 'நாளச் சுருக்கம்' என்றால் அங்குள்ள மாணவர் சிரையைத்தான் நினைப்பார்.

என் பரிந்துரை 'குழலொடுக்கம்'. சுருங்குவது தசை, ஒடுங்குவது உள்துளை. ஓட்டத்தை ஆள்வது அந்தத் துளைதான். அழுத்த வேறுபாடு, பாகுநிலை, நீளம் மாறாதபோது, குழாயில் நீர்மம் ஓடுவதைக் கணிக்கும் பாய்சுவே விதிப்படி ஓட்டம் ஆரத்தின் 4-ஆம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் ஓட்டம் 16-இல் ஒரு பங்கு. 20 விழுக்காடு ஒடுங்கினாலே மிஞ்சுவது சுமார் 41 விழுக்காடு. 19 விழுக்காடு விரிந்தால் இரட்டிப்பு.

'விரிப்பு' பிறவினை. இங்கே தசை தளர, உள்ளிருக்கும் குருதியின் அழுத்தத்தில் குழல் தானே விரிகிறது. எனவே நிகழ்வுக்கு 'விரிவு', மருந்துக்கு 'விரிப்பி'.

---

> குழலொடுக்கம்

'ஒடுக்கம்' சரி, 'குழல்' சிக்கல். 'குழல்விரிப்பி' என்றால் ஆஸ்துமாவுக்குத் தரும் மூச்சுக்குழல் விரிப்பி என்று படிப்பார்கள். மருந்துப் பெயரில் இந்தக் குழப்பம் ஆகாது. குருதிக்கலன் என்னும் வழக்கு இருக்கவே இருக்கிறது: கலனொடுக்கம், கலன்விரிவு, கலன்விரிப்பி. ஸ்டெனோசிஸுக்குக் 'கலன்குறுகல்'. 'அடைப்பு' முழுதும் மூடியதற்கு இருக்கட்டும்.

அந்த 4-ஆம் அடுக்குக் கணக்கைக் கலன்குறுகல் விளக்கத்தில் மட்டும் சேர்க்க வேண்டாம். விதி நீண்ட, விறைப்பான குழாயில் சீரான அடுக்கோட்டத்துக்கு (சுழிப்பில்லாமல் படலம் படலமாகச் செல்லும் ஓட்டம்) உரியது. குறுகலோ பல நேரம் சில மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டியதும் ஓட்டம் சுழிக்கும். கீழேயுள்ள நுண்தமனிகளும் விரிந்து ஈடுகட்டும். உழைக்கும்போதோ அவை மேலும் விரிய இடம் போதாது. அதனால்தான் இதயத் தமனி குறுகினால், ஓய்வில் தெரியாத குறை உழைக்கும்போது நெஞ்சுவலியாக வெளிப்படுகிறது.

இன்னொன்று: '70 விழுக்காடு குறுகல்' என்று மொட்டையாக எழுதக்கூடாது. விட்டம் 70 விழுக்காடு குறைந்தால் குறுக்குப் பரப்பில் மிச்சம் 9 விழுக்காடே. விட்டக்குறுகல், பரப்புக்குறுகல் என இரு பதிவுகள் தேவை.

வாசோஸ்பாசம் (கலன் திடீரென இறுகிப் பிடித்துக்கொள்வது) மீதி. 'கலனிசிவு' எப்படி?