பகாசி மீனவர்களுக்கு ஒப்பந்தம் ஏன் போதவில்லை?

கேள்வி (பாம்பன், முதுகலை மாணவர்):
அனைவருக்கும் வணக்கம். நைஜீரியாவுக்கும் கேமரூனுக்கும் இடையே, கினி வளைகுடாவை ஒட்டிய பகாசி தீபகற்பத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதி வருகிறேன். அந்நிலம் கேமரூனுக்கே உரியது என்று 2002 அக்டோபரில் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 ஆகஸ்டில் நைஜீரியா அதை முழுமையாக ஒப்படைத்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் தம்மை நைஜீரியராகவே கருதிய மீனவர்கள். தொழில் செய்யும் கடலின் நடுவே எல்லைக்கோடு விழுந்தால் என்ன ஆகும் என்பதை நம் கரையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. இரு அரசுகளும் இணங்கிய பின்னரும் அம்மக்களுக்கு நிம்மதி கிடைக்காதது ஏன்?

பதில் (ராமநாதபுரம், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்):
தம்பி, 2006 ஜூன் 12 அன்று இவ்விரு நாடுகளும் கையெழுத்திட்ட கிரீன்ட்ரீ ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவை முதலில் படியுங்கள். பகாசியில் வாழும் நைஜீரியரை வெளியேறும்படியோ குடியுரிமையை மாற்றிக்கொள்ளும்படியோ கட்டாயப்படுத்துவதில்லை என்றும், அவர்களுடைய மொழியையும் பண்பாட்டையும் மதிப்பதாகவும், மீன்பிடியும் வேளாண்மையும் தொடரலாம் என்றும், வரியில் பாகுபாடு காட்டுவதில்லை என்றும் கேமரூன் அதில் உறுதியளித்தது. எழுத்தளவில் இதைவிட நேர்த்தியான பாதுகாப்பை நான் கண்டதில்லை. ஆனால் அதை நிறைவேற்றுவதைக் கவனிக்க அமைந்த குழுவில் இரு நாடுகளும், ஐக்கிய நாடுகள் சபையும், சாட்சியாகக் கையெழுத்திட்ட பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளும் இடம்பெற்றனவே தவிர, வலை வீசுகிறவனுக்கு அதில் இடமில்லை. பகாசிக்கென ஒப்பந்தம் வகுத்த இடைக்காலச் சிறப்பு ஏற்பாடுகள் 2013 ஆகஸ்டில் முடிந்தன. பலர் வீடு வாசலை விட்டு நைஜீரியாவின் கிராஸ் ரிவர் மாநிலத்துக்குச் சென்று, அங்கே மறுவாழ்வுக்காகக் காத்துக் கிடந்தனர்.

பதில் (மண்டபம், படகு உரிமையாளர்):
ஐயா சொல்வது சரியே. நமக்கும் இந்தியா-இலங்கை 1974 ஒப்பந்தம் கச்சத்தீவுக்குச் சென்றுவரும் உரிமையை எழுதி வைத்தது. இரு அரசுகளும் 1976இல் பரிமாறிக்கொண்ட கடிதங்களோ ஒரு நாட்டவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிப்பதைத் தடுத்தன. இரண்டின்போதும் கரையில் இருந்தவர்களைக் கலந்து பேசவில்லை. அதே சமயம், நம் இழுவை மடியில் வலை அறுந்துபோன இலங்கை வடமாகாண மீனவரின் இழப்பும் உண்மையானது. அதை அவர் யாரிடம் முறையிடுவார்? 2014இல் சென்னையிலும் கொழும்பிலும் இருதரப்பு மீனவர்களும் நேரில் பேசியதைப் போன்ற சந்திப்பு, ஆண்டு தவறாமல் நடக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

மாணவருக்கு மற்றோர் எடுத்துக்காட்டு: சூடானும் தென்சூடானும் உரிமை கோரும் அபியெய் பகுதி. அங்கே 2011 முதல் ஐ.நா. படை இருக்கிறது. ஆனாலும், வறட்சிக் காலத்தில் மாடுகளை ஓட்டிக்கொண்டு தெற்கே வரும் மிஸ்ஸிரியா மக்களும், அங்கேயே குடியிருக்கும் இங்கோக் டிங்கா மக்களும் சேர்ந்து அமைத்த அமைதிக் குழுதான் களவுபோன மாட்டை மீட்பது, உயிரிழப்புக்கு ஈடு பேசுவது போன்ற வழக்குகளைத் தீர்த்தது. இருதரப்பும் அமியத் சந்தையில் வணிகமும் செய்கின்றன.

பதில் (ராமநாதபுரம்):
நல்ல எடுத்துக்காட்டு; ஆயினும் அதன் வரம்பையும் தம்பி குறித்துக்கொள்ள வேண்டும். 2022இல் அபியெயின் தெற்கே இங்கோக் டிங்காவுக்கும் டிங்காவின் மற்றொரு பிரிவான துவிக் டிங்காவுக்கும் நிலத்தகராறு மூண்டு பலர் உயிரிழந்தனர். மிஸ்ஸிரியாவோடு பேசுவதற்காக அமைந்த குழுவில் துவிக் மக்கள் இல்லை. ஆகவே உங்கள் கட்டுரையில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, எந்தக் குழுவில் யார் யார் உட்கார்ந்தார்கள், யார் விடுபட்டார்கள் என்பதையும் ஆண்டுவாரியாகப் பதிவு செய்யுங்கள்.