புதுப்பிப்பு: வெளி கிளினிக் எம்.சி.க்காக (மருத்துவச் சான்றிதழ்) பிடித்த சம்பளம் திரும்ப வந்தது (சிங்கப்பூர்)

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்தபோது, எம்.சி. கம்பெனி கிளினிக்கில் வாங்கியது இல்லை என்று இரண்டு நாள் சம்பளம் பிடித்தார்கள், இது சரியா என்பதுதான் என் கேள்வி.

"48 மணி நேரத்துக்குள் தகவல் சொன்னதற்கு ஆதாரம் காட்டுங்க" என்றவர் சொன்னதே பலித்தது. சூப்பர்வைசருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டையும் எம்.சி.யையும் ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் செய்ததும் பணம் வந்தது. பதிவுபெற்ற எந்த டாக்டரின் எம்.சி.யும் செல்லும். ஆனால் தகவல் சொல்லாவிட்டால் அனுமதியில்லாமல் வராத கணக்கில் போய்விடும்.

எதிர்பாராதது: ஷிப்ட் அலவன்ஸ் வரவில்லை. ஆஸ்பத்திரி விடுப்பாக இருந்தால்தான் அதுவும் சேருமாம். டாக்டர் ஃபீஸும் கிடைக்காது. அரசு மருத்துவ நிலையமோ கம்பெனி டாக்டரோ என்றால்தான் தருவார்கள். சம்பளத்தோடு கூடிய சாதாரண மருத்துவ விடுப்பும் நான்கு மாதம் வேலை செய்தவருக்கு 8 நாள்தான். முழு 14 நாள் ஆறு மாதம் முடிந்த பிறகே.