'ரெக்கார்டிங்' என்பதற்குப் 'பதிவு' போதுமா? 'ஏடேற்றம்' என்றொரு முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கவுண்டி (மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) அலுவலகங்களில் வீட்டுப் பத்திரங்களையும் மனைப் பத்திரங்களையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அங்கே வழங்கும் 'ரெக்கார்டிங்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற இந்த இழையில், பதிவு, பதிவேற்றம், தோம்பேற்றம் என மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றும் பொருந்தவில்லை என்பது என் கருத்து. காரணங்களைச் சற்று விரித்தே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

பத்திரப் பதிவு என்று ஊரே சொல்லும்போது புதுச்சொல் எதற்கு என்று மதுரை நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் சொல்லும் அந்தப் பதிவு 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்லும் பதிவு. எழுதிக் கொடுப்பவர் சார்பதிவாளர் முன் வந்து, எழுதிக் கொடுத்தது தாமே என்று ஒப்புக்கொண்டு, கைரேகை வைத்த பிறகுதான் அது நடக்கும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயப் பத்திரம் பதிவாகவில்லையென்றால், அச்சட்டத்தின் 17, 49 ஆகிய பிரிவுகளின்படி அதனால் சொத்தின் உரிமை கைமாறாது. கவுண்டி அலுவலகத்தில் நடப்பது வேறு. அங்கே எழுதிக் கொடுப்பவர் நோட்டரி முன்னிலையில் கையொப்பத்தை உறுதிசெய்து, பத்திரத்தை வாங்குபவரிடம் ஒப்படைத்த அளவிலேயே இருவருக்குள் உரிமை மாறிவிடுகிறது. அலுவலகத்துக்கு இருவருமே போக வேண்டியதில்லை. நோட்டரியின் சான்றும் உரிய கட்டணமும் இருக்கின்றனவா, எழுத்து படிக்கும்படி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, வந்து சேர்ந்த நாளையும் நேரத்தையும் குறித்து, எண்ணிட்டு, படியெடுத்துக்கொண்டு, மூலத்தைப் பத்திரத்தின் தலைப்பில் எழுதியுள்ள முகவரிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்தவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருந்ததா என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

அப்படியானால் எதற்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள்? மூன்றாமவருக்காக. மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தில் 1640இல் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து இன்றுவரை இதன் நோக்கம் ஊரறியச் செய்வதுதான். ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். 'க' என்பவர் தம் வீட்டை மார்ச் மாதம் 'ச' என்பவருக்கு எழுதிக் கொடுக்கிறார். ச பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார். ஏப்ரலில் அதே வீட்டை க, விஷயம் அறியாத 'ட' என்பவருக்கு விற்கிறார். ட அன்றே கவுண்டி அலுவலகத்துக்குப் பத்திரத்தைக் கொண்டுபோகிறார். கலிபோர்னியாவில் வீடு ட உடையது, ஏனென்றால் அவர் அறியாமல் வாங்கினார், முந்திக்கொண்டும் சேர்த்தார். டெக்சஸில் அவர் முந்திக்கொண்டு சேர்க்க வேண்டும் என்றுகூட இல்லை. விலை கொடுத்து, அறியாமல் வாங்கியிருந்தாலே போதும். வட கரோலினாவிலோ, விலை கொடுத்து வாங்கியவர் முந்திக்கொண்டால், முதல் விற்பனையை அறிந்திருந்தாலும் அவருடைய பத்திரமே நிற்கும். இதே வழக்கைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். சட்டம் தரும் நான்கு மாதக் கெடுவுக்குள், ஜூனில் ச தம் பத்திரத்தைப் பதிந்துவிட்டால், 47ஆம் பிரிவின்படி அது எழுதிக் கொடுத்த மார்ச்சிலிருந்தே செல்லும். ஏப்ரலிலேயே பதிந்த ட தோற்றுப்போவார். அங்கே யார் முதலில் சேர்த்தார், யார் அறிந்திருந்தார் என்று கேட்கிறார்கள். இங்கே யாருக்கு முதலில் எழுதிக் கொடுக்கப்பட்டது என்று கேட்கிறோம். இரண்டுக்கும் 'பதிவு' என்ற ஒரே பெயரை வைத்தால், சென்னையில் ஓய்வுபெற்று மகளுக்காக அமெரிக்கப் பத்திரத்தைப் படிக்கும் தந்தை, மூன்று மாதம் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் நினைப்பார்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு இந்த வாதம் முழுவதுமாகச் செல்லாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இலங்கையில் 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதியாத உறுதி (பத்திரத்துக்கு அங்குள்ள பெயர்), பின்னால் எழுதி முன்னால் பதிந்த உறுதியிடம் தோற்கும். சூதும் கூட்டுச்சதியும் மட்டுமே விலக்கு. அங்கே நொத்தாரிசு (நோட்டரி) எழுதிய உறுதி காணிப் பதிவகத்துக்குப் போவதற்கு முன்பே இருவருக்குள் செல்லும். ஆக, இலங்கைத் தமிழரின் 'பதிவு' அமெரிக்க வழக்குக்கு மிக நெருக்கமானது. மலேசியாவிலோ 1965ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின்கீழ் பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமை. ஒரு சொல் மூன்று நாட்டில் மூன்று பொருள் தருவதால்தான், நான்காவது பொருளையும் அதன் தலையில் ஏற்றத் தயங்குகிறேன்.

இந்தத் தயக்கத்தை அமெரிக்காவே உறுதிசெய்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த உரிமைப் பதிவு முறை அமெரிக்காவின் சில மாநிலங்களுக்கும் போனது. மாசச்சூசெட்ஸ் அதற்கென்றே 1898இல் நில நீதிமன்றம் அமைத்தது. மின்னசோட்டாவில் இன்றும் ஹென்னபின் கவுண்டி அலுவலகத்தில் இரண்டு முறைகளும் அருகருகே நடக்கின்றன: ஒரு வீடு 'ரெக்கார்ட்' செய்யப்பட்ட பத்திரங்களின் வரிசையில் நிற்கிறது, அடுத்த வீடு நீதிமன்ற ஆணையால் 'ரெஜிஸ்டர்' செய்யப்பட்டு, உரிமைச் சான்றிதழோடு நிற்கிறது. முன்னதற்கு ஓர் அதிகாரி, பின்னதற்கு இன்னொரு பதவிப் பெயர், பெரும்பாலும் ஆள் ஒருவரே. 'பதிவு' என்ற சொல்லைப் பின்னதற்கு ஒதுக்கினால் முன்னதற்கு வேறு சொல் வேண்டும். இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும் என்று நினைக்கிறேன்.

'பதிவேற்றம்' அழகான சொல்தான், ஆனால் கணினிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். இப்போது பல கவுண்டிகள் பத்திரத்தை இணைய வழியாக வாங்குவதால், அந்தச் சொல் வெறும் குழப்பம் என்பதோடு நில்லாமல் ஆபத்தாகவே முடியும். காலை பத்து மணிக்குக் கோப்பை அனுப்பியவர் 'பதிவேற்றிவிட்டேன்' என்பார். அலுவலகம் அதை ஏற்று எண்ணிடுவது பிற்பகலாக இருக்கலாம், குறை கண்டு திருப்பியும் அனுப்பலாம். முந்திச் சேர்த்தவருக்கே வீடு என்ற ஊரில் அந்த இடைவெளி சின்ன விஷயமல்ல.

'தோம்பு' என்ற சொல்லை நினைவூட்டியவருக்கு நன்றி. போர்த்துக்கேயர் வழி வந்து ஒல்லாந்தர் காலத்தில் நிலைத்த நிலத் தோம்பும் தலைத் தோம்பும் நம் வழக்கில் இருந்தவையே. எனினும் தோம்பு என்பது யாரிடம் எந்த நிலம், அதற்கு என்ன வரி, என்ன ஊழியம் என்று அரசு தானே எழுதி வைத்த கணக்கு. கவுண்டி ஏடோ, குடிமக்கள் கொண்டுவந்து கொடுத்த பத்திரங்களின் படி.

இனி என் முன்மொழிவு: ஏடேற்றம். ஏட்டில் ஏற்றினார், ஏட்டில் ஏறாத பாட்டு என்றெல்லாம் பேசுகிறோம்; அரங்கேற்றம், குடியேற்றம், கொடியேற்றம் என்ற வரிசையில் இதுவும் இயல்பாக நிற்கிறது. குறிப்பாக அரங்கேற்றம் என்ற ஒப்புமை எனக்குப் பிடிக்கிறது, ஊரறியச் செய்தல் என்ற கருத்து அதில் உள்ளடங்கியிருப்பதால். அரங்கேற்றத்தில் அவையோர் குற்றம் குறை பார்த்தார்களே, கவுண்டி எழுத்தர் பார்ப்பதில்லையே என்று நம் குழுவின் புலவர்கள் கேட்கக்கூடும். ஒப்புமையை அவ்வளவு தூரம் இழுக்க வேண்டாம் என்பதே என் விடை. வினையாகவும் எச்சமாகவும் சொல் வளைகிறது என்பதே முக்கியம்: பத்திரத்தை ஏடேற்றினார், ஏடேறிய பத்திரம், ஏடேறாத பத்திரம்.

அலுவலகத்துக்கு 'ஏட்டு அலுவலகம்' என்று பெயரிட்டால் தமிழ்நாட்டில் ஏட்டையாவைத் தேடிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்விடுவார்கள். 'பத்திர ஏட்டகம்' என்று வைக்கலாம். அதிகாரியின் பதவிப் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: கலிபோர்னியாவில் ரெக்கார்டர், வட கரோலினாவில் ரெஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ், டெக்சஸில் கவுண்டி கிளார்க், ஜார்ஜியாவில் உயர்நிலை நீதிமன்ற எழுத்தர். கனெக்டிகட்டில் கவுண்டி நிர்வாகமே இல்லை, ஊர் எழுத்தரிடம் போக வேண்டும். பதவிப் பெயர்களை மொழிபெயர்க்காமல் செயலால் குறிப்பதே நல்லது.

தேடுவதற்கான சொற்களுக்குப் புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. நம் பத்திர எழுத்தர்கள் என்றோ செய்து வைத்துவிட்டார்கள். அங்குள்ள இரண்டு பெயர் அட்டவணைகளுக்கு 'எழுதிக் கொடுத்தவர் அட்டவணை', 'எழுதி வாங்கியவர் அட்டவணை' என்பவை அப்படியே பொருந்துகின்றன. இன்றைய உரிமையாளரை எழுதி வாங்கியவர் அட்டவணையில் பிடித்து, அவருக்கு எழுதிக் கொடுத்தவரைக் கண்டு, அவர் யாரிடம் வாங்கினார் என்று பின்னோக்கிப் போக வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தம் காலத்தில் வேறு யாருக்கேனும் எழுதிக் கொடுத்தாரா, அடமானம் வைத்தாரா என்று எழுதிக் கொடுத்தவர் அட்டவணையில் முன்னோக்கி வர வேண்டும். நம் வில்லங்கச் சான்று செய்யும் வேலையை அங்கே தேடுபவரே செய்கிறார். நெப்ராஸ்கா, ஒக்லஹோமா, யூட்டா போன்ற மாநிலங்களில் நிலத்தை வைத்தே தேடும் அட்டவணையும் உண்டு. அதை 'மனைவாரி அட்டவணை' என்கிறேன். பெயர் வழித் தேடலில் நம்மவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று இருக்கிறது: தந்தை பெயர் குடும்பப் பெயராகி, ஒரே ஆள் ஒரு பத்திரத்தில் 'கு' வரிசையிலும் இன்னொன்றில் 'சு' வரிசையிலும் கிடப்பார். விசாவில் 'எப்.என்.யு.' (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி வந்தவர்கள் அதே மூன்றெழுத்தோடு பத்திரத்திலும் ஏறிவிட்டால், அவரைத் தேட அந்த மூன்றெழுத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டு சொற்களில் மட்டும் எனக்கு நிறைவு இல்லை. எழுதிக் கொடுத்தவரின் சொந்தப் பத்திரம் ஏடேறாமல் போனதால் வரிசையில் சிக்காமல் தனியே கிடக்கும் பத்திரத்தை அங்கே 'காட்டுப் பத்திரம்' என்பார்கள். அதை அப்படியே பெயர்த்தால் வனத்துறைப் பத்திரம் ஆகிவிடும் என்பதால் 'தொடரறுந்த பத்திரம்' என்று எழுதிவருகிறேன். ஏடேறிய பத்திரத்தைப் படிக்காதவரும் படித்தவராகவே கருதப்படுவார் என்ற விதிக்கு 'அறிந்ததாகக் கொள்ளல்' என்பது நீளமாக இருக்கிறது. குறுகிய சொல் தோன்றினால் எழுதுங்கள். மலேசிய நண்பர்கள் 'பதிவு' என்பதை உரிமைப் பதிவுக்கே ஒதுக்க இசைவார்களா என்பதும் தெரிந்தால், அகராதிப் பதிவை அடுத்த மடலில் வரைந்து அனுப்புகிறேன்.