பூனைக்கு முடி கொட்டுகிறதா, அதுவே நக்கி எடுக்கிறதா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஸ்ரீரங்கம்

பூனைக்கு முடி கொட்டுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கொட்டுகிறதா, இல்லை அதுவே நக்கி எடுக்கிறதா? பல பேருக்குப் பதில் தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நாய் மாதிரி நம் எதிரே உட்கார்ந்து பூனை சொறிவதில்லை. கட்டிலுக்கு அடியிலோ பரண் மேலோ போய், வீடு அடங்கின பிறகு நக்கும். அதன் நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப நக்கினால் முடி அறுந்துதான் போகும்.

எங்கள் மீனுவுக்கு வாலடியில் ஆரம்பித்தது. அங்கிருந்து முதுகில் மேலேறி, தொடையின் பின்பக்கமும் மெலிந்தது. தோல் சிவக்கவில்லை, புண் இல்லை, சாப்பாடு வழக்கம்போல. சித்திரை மாதம் வேறு. "உஷ்ணம், தயிர் சாதம் வை" என்றார் மாமியார். சத்துக்குறைவு என்று மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார் எதிர்வீட்டு அண்ணன்.

கால்நடை மருத்துவர் செய்தது எளிய வேலை. வழுக்கையின் ஓரத்திலிருந்து கொஞ்சம் முடியைப் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். முடியின் நுனி இயல்பாகக் கூராக இருந்தால் அது தானாக உதிர்கிறது. உடம்புக்குள்ளோ முடியின் வேரிலோ கோளாறு தேட வேண்டும். நுனி ஒடிந்திருந்தால் பூனை நக்குகிறது. அப்படியானால் அரிப்போ வலியோ எங்கே என்று தேட வேண்டும். மீனுவின் முடி அத்தனையும் தேய்ந்துபோன பெயிண்ட் பிரஷ் மாதிரி நுனி சிதைந்து கிடந்தது.

காரணம் தெள்ளுப்பூச்சி. "ஒரு பூச்சிகூட என் கண்ணில் படவில்லையே டாக்டர்" என்றேன். படாதாம். நக்குகிற பூனை பூச்சியையும் சேர்த்து விழுங்கிவிடும். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள பூனைக்கு உடம்பு முழுக்கப் பூச்சி இருக்க வேண்டும் என்றும் இல்லை, ஓரிரண்டு கடியே போதும். சீப்பால் வாலடியை வாரி, விழுந்த கருப்புப் பொடியை ஈரப் பஞ்சில் வைத்தார். சுற்றிலும் துருநிறம் பரவியது. பூச்சி குடித்துக் கழித்த ரத்தம் அது. மண்ணாக இருந்தால் அந்த நிறம் வராது. இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

மருந்தைவிட வீட்டைச் சுத்தம் செய்வதுதான் பெரும்பாடு. பூனை மேல் இருக்கும் பூச்சி மொத்தக் கூட்டத்தில் சிறு பங்கு. முட்டை, புழு, கூடு எல்லாம் பாயிலும் சோபா இடுக்கிலும் கால்மிதியிலும் கிடக்கும். கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடக்கும் அதிர்வு தெரிந்ததும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து நுழைந்ததும் காலைக் கடிப்பது இப்படித்தான். மீனுவுக்கும் வீட்டில் இருந்த இன்னொரு கடுவனுக்கும் செலமெக்டின் சொட்டு மருந்து கழுத்துப் பின்னால், மாதம் ஒருமுறை, மூன்று மாதம் விடாமல் போட்டோம். விரிப்புகளை வெந்நீரில் துவைத்தோம். கடுவனுக்கு அரிப்பே இல்லை, ஆனாலும் அவனை விட்டால் பலன் கிடையாது. மலத்தில் அரிசி மாதிரி வெள்ளையாக ஏதோ நெளிந்ததையும் சொன்னேன். நாடாப்புழு, தெள்ளை விழுங்குவதால் வருவது, அதற்குத் தனி மாத்திரை என்றார்.

முடி முளைக்க நாளானது. நக்குவது மட்டும் சீக்கிரமே குறைந்தது.

மதுரை

ஒரு சின்ன விஷயம். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் முடி மெலிந்து தோல் தெரிந்தால் பயப்படாதீர்கள். குட்டைமுடிப் பூனைகளுக்கு, அதிலும் கருப்புப் பூனைகளுக்கு, அது பளிச்சென்று தெரியும். இயல்பானதுதான். அரிப்போ செதிலோ சிவப்போ இருந்தால் மட்டும் காட்டுங்கள். பால் கொடுக்கிற தாய்ப்பூனைக்கு வயிற்றில் முடி குறைவதும் அப்படித்தான், குட்டிகள் பால் மறந்ததும் வந்துவிடும். என் வாட்ஸப்புக்கு வரும் படங்களில் பாதி இந்த இரண்டும்தான்.

சேலம்

எங்களுடையது பாரசீகப் பூனை, குட்டியாக விலைக்கு வாங்கியது. விற்றவர் பெயர் வேண்டாம். வரும்போதே காதோரம் ஒரு ரூபாய் அளவில் முடி இல்லாமல், சாம்பல் பூத்த மாதிரி செதில். "குட்டிகள் விளையாடும்போது கடித்தது" என்றார்கள். அடுத்து முன்னங்காலில், அப்புறம் மூக்கருகே. அதற்குள் மகளின் முழங்கையில் வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்தது. மனைவிக்குக் கழுத்தில். அதாவது குட்டியை யார் எங்கே தூக்கி வைத்துக்கொள்கிறார்களோ அங்கே. அதைப் பார்த்த பிறகு மருத்துவர் வேறு எதையும் யோசிக்கவே இல்லை.

படர்தாமரை. பூனைகளில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சை. இருட்டறையில் ஊட்ஸ் விளக்கை (புற ஊதா ஒளி விளக்கு) அடித்தார். முடித்தண்டுகள் ஆப்பிள் பச்சையில் ஒளிர்ந்தன. ஒளிரவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகாதாம், அதனால் முடியிலிருந்து பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கும் அனுப்பினார். முடிவு வர வாரங்கள் ஆகும். குட்டிக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு. கூடவே பூஞ்சைக்கான குளியல். முடி முளைத்துவிட்டதே என்று நிறுத்தக் கூடாது, சோதனையில் பூஞ்சை இல்லை என்று வந்த பிறகுதான் நிறுத்த வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். பார்க்க நன்றாக இருக்கும் பூனையும் முடியில் பூஞ்சையின் வித்துகளைச் சுமந்துகொண்டு திரியும்.

குடும்பத்தில் யாருக்காவது வந்தால் மருந்துக்கடையில் கேட்டு ட்யூப் வாங்கிப் போடாதீர்கள். நம் ஊரில் அப்படிக் கேட்டால் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத்தான் எடுத்துத் தருகிறார்கள். ரெண்டு நாளில் அரிப்பு அடங்கும், அப்புறம் பூஞ்சை உள்ளுக்குள் பரவும். மகளைத் தோல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் கேட்ட முதல் கேள்வியே "வீட்டில் பூனை இருக்கா?"

வித்துகள் உதிர்ந்த முடியில் ஒரு வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். குட்டியை ஒரே அறையில் வைத்தோம், துடைக்க எளிதான தரை உள்ள அறை. முடியைக் கூட்டி அள்ளிவிட்டுத்தான் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். முடி கிடக்க மேலே மருந்தை ஊற்றினால் வேலைக்கு ஆகாது. வீட்டில் வயதானவர்கள், கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி இருந்தால் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

நாமக்கல் (கால்நடை மருத்துவம் படிக்கிறேன்)

மேலே எழுதியவர்கள் சரியான மருந்தைச் சொல்லியிருக்கிறார்கள். என்ன போடக் கூடாது என்பதை நான் சொல்கிறேன். தோல் பிரச்சினையோடு வந்த பூனையைவிட, அதற்குப் போட்ட வைத்தியத்தால் நடுங்கிக்கொண்டு வரும் பூனையைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

நாய்க்கான தெள்ளு, உண்ணி சொட்டு மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது விஷம். மாட்டுக்கு உண்ணி போக அடிக்கும் டெல்டாமெத்ரினும் அதே குடும்பம். நாய்க்குக் குளிப்பாட்டும் அமிட்ராஸும் ஆகாது. மனிதருக்கும் நாய்க்கும் கல்லீரல் சில நச்சுகளைக் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்றும் ஒரு வழி உண்டு. பூனைக்கு அந்த வழி மிகவும் குறுகியது. பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதே காரணத்தால்தான். "சின்ன நாய் அளவுதானே, பாதி போடுவோம்" என்ற கணக்கு பூனைக்குச் செல்லாது.

டீ ட்ரீ எண்ணெய், கற்பூரத் தைலம் வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்பார்கள். பூனைக்கு மேலே தடவுவது எல்லாம் அரை மணியில் வயிற்றுக்குள் போய்விடும், நக்குகிற பூனைக்குச் சொல்லவே வேண்டாம்.

தெரியாமல் நாய் மருந்து பட்டுவிட்டால், நடுக்கம் வரும்வரை காத்திருக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தால் அலசிவிட்டு, மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஓடுங்கள். ஏற்கெனவே வலிப்பு வந்திருந்தால் அலசவும் நேரம் இல்லை.

சிங்கப்பூர்

2024 செப்டம்பரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பூனைக்கு அனுமதி வந்ததும், ஏற்கெனவே இருந்த ஆண் பூனைக்குத் துணையாக இன்னொன்றைத் தத்தெடுத்தோம். கொஞ்ச காலத்தில் பழையவன் வயிற்றை நக்க ஆரம்பித்தான். உட்தொடை வரை வழவழவென்று வழுக்கை. புதுப் பூனை வந்த பொறாமை, மன அழுத்தம் என்று நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது.

மருத்துவர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளவில்லை. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். மனநிலையால் முடி இழந்ததாகக் கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகச் சோதித்ததில், 16 பூனைகளுக்கு உடல் நோய்தான் காரணம். மனநிலை மட்டுமே காரணம் என்று இருந்தவை 2. மீதி 3 பூனைகளுக்கு இரண்டும் கலந்து இருந்தது. அதனால் அரிப்பு, பூச்சி, உணவு, வலி எல்லாவற்றையும் தள்ளிவிட்டுத்தான் மனசுக்கு வர வேண்டும் என்றார்.

தெள்ளு இல்லை. சிறுநீர்ச் சோதனையில் ரத்தம். கிருமித் தொற்று இல்லை, கல்லும் இல்லை, சிறுநீர்ப்பை அழற்சி. வலிக்கிற இடத்துக்கு மேலே இருக்கிற தோலை நக்கியிருக்கிறான். வேடிக்கை என்னவென்றால், இந்த அழற்சிக்கு மன அழுத்தமும் ஒரு தூண்டுதல். நண்பர்கள் சொன்னது முழுத் தப்பும் இல்லை. ஆனால் அதோடு விட்டிருந்தால் வலிக்கு மருந்து கிடைத்திருக்காது. வலி மருந்து, ஈர உணவு, கூடுதல் தண்ணீர்க் கிண்ணங்கள். இரண்டு பூனைக்கு மூன்று மணல் தொட்டி, தனித்தனி மூலைகளில். புதியவனுக்குத் தனி அறை. சிறுநீர் சீரான பிறகு வயிற்றில் முடி மூடிக்கொண்டது.

ஆண் பூனை தொட்டியில் உட்கார்ந்து முக்கி, சொட்டுக்கூட வரவில்லை என்றால் முடியை மறந்துவிடுங்கள். அது அடைப்பு. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

யாழ்ப்பாணம்

எங்கட பக்கம் தெருக்குட்டிகளிடம் அதிகம் காண்பது வேறு. காது விளிம்பில் சாம்பல் நிறப் பொருக்கு தொடங்கும். பிறகு நெற்றி, முகம், முன்னங்கால். தோல் தடித்துச் சுருங்கி, குட்டி கிழடு மாதிரித் தெரியும். அரிப்பில் சாப்பிடக்கூட மறந்துபோகும். நோட்டோட்ரிஸ் என்ற சிற்றுண்ணி தோலுக்குள் குடைவதால் வரும் சொறி. பூனைக்குப் பூனை மிக வேகமாகத் தொற்றும், தூக்கினவர் கையிலும் கொஞ்ச நாள் கடி இருக்கும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் மருந்துக்கு வடிவாக அடங்கும். எங்கட குட்டிக்குத் தோலைச் சுரண்டிப் பார்த்துவிட்டு செலமெக்டின் போட்டார்கள். அண்டை அயலில் கூட உலாவிய பூனைகளுக்கும் சேர்த்துப் போட்டால்தான் திரும்ப வராது. கந்தகமும் எண்ணெயும் குழைத்துப் பூசும் பழக்கம் இங்கே உண்டு. குட்டி அதை நக்கும் என்பதால் நான் அதற்குப் போகவில்லை.

வேளச்சேரி

வயதான பூனை வைத்திருப்பவர்களுக்கு: பத்து வயதுக்கு மேல், நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, முடி கலைந்து கொத்துக் கொத்தாக வந்தால் தைராய்டுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவின் பூனைக்கு அதுதான். மருந்தில் நன்றாக இருக்கிறாள்.

கோவை

எங்கள் கதை உணவு ஒவ்வாமை. தலையும் கழுத்தும்தான் குறி, பின்னங்காலால் பிறாண்டிப் பிறாண்டிக் காது பின்னால் புண். தெள்ளு மருந்து போட்டாகிவிட்டது, பூஞ்சை இல்லை. மிச்சம் இருந்தது சாப்பாடு. இதற்கு நம்பகமான ரத்தப் பரிசோதனை கிடையாது. பூனை இதுவரை தின்னாத ஒரே புரதம், அல்லது புரதத்தை உடைத்துச் செய்த மருத்துவ உணவு. எட்டு வாரமாவது அது மட்டும். பால் இல்லை, பிஸ்கட் இல்லை, சுவையூட்டின மாத்திரை இல்லை.

கேட்க எளிது. எங்கள் ஜிஞ்சர் மத்தியானம் மாடிப்படி வழியாகக் கீழ்வீட்டுக்குப் போவான். அங்கே பாட்டி தினமும் மத்தி மீன் தலை வைப்பார். "ஒரு தலைதானே கண்ணு, பாவம், வாயில்லா ஜீவன்." முதல் சுற்று இப்படியே போனது. பாட்டியிடம் புண்ணைக் காட்டினோம். "என் மீனாலயா?" என்று முகம் வாடிவிட்டது. மறுநாளிலிருந்து அவரே எங்கள் டப்பாவிலிருந்து நாலு உருண்டை எடுத்து வைத்துக்கொண்டு அதைத்தான் போட்டார். இரண்டாம் சுற்றில் பிறாண்டல் நின்றது, முடி வந்தது. உறுதி செய்ய மருத்துவர் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் கொடுத்த வாரமே காது பின்னால் பிறாண்ட ஆரம்பித்துவிட்டான். இப்போது பாட்டி வேகவைத்த கோழி வைக்கிறார்.