வெளிநாட்டுக்கு யார் கிளம்புகிறார்கள்? மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

மேலூரிலிருந்து:
இங்கே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பதும் நான்தான். வக்கற்றவன்தான் வெளிநாடு போகிறான் என்று ஊரில் பேசுவார்கள். கடைக்கு வருகிறவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாதவன் திருப்பூரோடு நின்றுவிடுகிறான்.

போன வருடம் ஒரே தெருவிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். இருவரும் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். ஒருவன் அக்கா நகையை அடகு வைத்தான். துபாயில் இருந்த மச்சான் விசாவுக்கு ஏற்பாடு செய்தார். இன்னொருவன் ஏஜென்ட் கேட்ட தொகையைக் கேட்டதும், "அண்ணே, எடுத்து வைங்க, அப்புறம் வர்றேன்" என்று போனான். அவனுடைய டி.சி. நகல் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

மேலூர் பெரியாறு கால்வாயின் கடைமடை. அணையில் தண்ணீர் இருந்தால் ஒருபோகம், இல்லையென்றால் அதுவும் கிடையாது. 2012-ல் கிரானைட் குவாரிகள் நின்றபோது லோடு ஏற்றுகிறவர் முதல் லாரி ஓட்டுகிறவர் வரை பிழைப்பு போனது. கஷ்டம் எல்லோருக்கும்தான். கிளம்ப முடிந்தது நகையும் அங்கே ஒரு சொந்தக்காரரும் இருந்த வீட்டுப் பிள்ளைகளால்தான்.

இன்னொன்று. பத்தாவது பாஸ் சான்றிதழ் இல்லையென்றால் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். ஆகிவிடும், அதாவது வேலைக்குப் போகுமுன் குடியேற்றச் சோதனை தேவை என்ற வகை. வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. சான்றிதழ் தொலைந்துவிட்டது என்பவர்களிடம் முதலில் டூப்ளிகேட் வாங்கி வரச் சொல்வேன்.

திருமங்கலத்திலிருந்து:
அண்ணே, ஏஜென்ட் தொகை என்றீர்களே, பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். என் சித்தப்பா மகனிடம் ஒன்றே கால் லட்சம் கேட்டார்கள். ரசீது கேட்டால், "போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று பதில். தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனில் பதியச் சொல்லியிருக்கிறேன்.

உசிலம்பட்டியிலிருந்து:
எங்கள் தெருவில் கதை வேறு. நர்சிங் முடித்த பெண் மதுரையில் தங்கி ஜெர்மன் மொழியை பி2 என்ற தேர்வு நிலை வரை படித்து ஜெர்மனி போய்விட்டாள். சம்பளம் ஒரு காரணம்தான். அங்கே முதியவர்கள் பெருகிவிட்டார்கள், பார்த்துக்கொள்ள இளவட்டம் போதவில்லை. இந்தியத் திறன் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசாவை 2024-ல் 90,000 ஆக்குவதாக அறிவித்தார்கள்.

இங்கே மட்டும் வீடு நிறையப் பிள்ளைகளா இருக்கிறார்கள்? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. ஜெர்மனி போன அந்தப் பெண்ணுக்கு ஒரே தம்பி, அவனும் ஓசூரில். அவளுடைய அப்பாவை மூட்டுவலிக்கு ஆட்டோவில் கூட்டிப்போவது நான்தான். அங்கே ஒரு தாத்தாவுக்குத் தினமும் சாக்ஸ் மாட்டிவிடுகிறேன் என்று மகள் வீடியோ காலில் சொன்னதற்கு, "நல்லவேளை, நான் செருப்புதான் போடுறேன்" என்று சிரித்தார் மனிதர்.

ஜப்பானும் 2019-ல் முதியோர் பராமரிப்பைச் சேர்த்து ஒரு விசா கொண்டுவந்தது. அதில் போனவர்கள் மதுரைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள். எங்கள் தெருவில் அடுத்த பெண் மொழி வகுப்பில் சேரலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.