ஹேங்க் கிரீன் நாவல்: மேலே படிக்கலாமா?

தருமபுரி வாசகி:
2018-ல் வந்த 'ஆன் ஆப்சல்யூட்லி ரிமார்க்கபிள் திங்' பாதியில் நிற்கிறது. நியூயார்க்கில் நடுராத்திரி ஒரு ராட்சத ரோபோ சிலையைப் பார்த்து ஏப்ரல் மே என்ற பெண் வீடியோ எடுக்கிறாள், அது தீயாகப் பரவுகிறது, பார்த்தால் உலகம் முழுக்க அதே மாதிரி 64 சிலைகள். கதை சரி, ஆனால் புகழுக்கு அலையும் அவள் மேல் எரிச்சலாக வருகிறதே?

பாலக்கோட்டான்:
அந்த எரிச்சல் வரட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். ஹேங்க் கிரீனே 2007 முதல் யூடியூபில் இருப்பவர், அந்தப் போதை அவருக்குத் தெரியாதா!

கிருஷ்ணகிரிக்காரன்:
எனக்கு அவளைவிட, கதையில் சிலைகளையும் அவளையும் எதிர்த்துக் கிளம்பும் 'டிஃபெண்டர்ஸ்' கூட்டம்தான் பயம். ஒகேனக்கலில் மீன் வறுக்கும் ஒரு அக்கா வீடியோ வைரலாகி, முதலில் கடையில் கூட்டம் அள்ளியது, அப்புறம் அந்தப் பக்கமே வராதவன் எல்லாம் எண்ணெய் கறுப்பு, விலை கொள்ளை என்று கமெண்ட்டில் திட்டினான். சிலை இல்லாமலே நடக்கிறது.

பாலக்கோட்டான்:
முடிவு அந்தரத்தில் நிற்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 2020-ல் இரண்டாம் பாகம் வந்தது, சேர்த்தே வாங்குங்கள்.