சின்ன காலிபர் ரைபிளில் மான் சுட்டவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தேனிக்காரன் (டெக்சஸ்)

போன அக்டோபர் கடைசியில் நடந்தது. இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இளையோர் சீசன். லானோ பக்கம் நண்பர் வேட்டைக்குக் குத்தகைக்கு எடுத்திருக்கும் லீஸ் நிலம். மகளுக்கு 12 வயது. .308 எல்லாம் அவள் தோளுக்குத் தாங்காது, உதையை நினைத்தே கண்ணை மூடிவிடுவாள். அதனால் என்னுடைய .223ஐக் கொடுத்தேன், காலிபர் (குண்டின் குறுக்களவு, அங்குலத்தில்) சின்னது, உதையும் குறைவு. கோடை முழுக்க ரேஞ்சில் பழகியிருந்தாள். 100 யார்டில் மூன்று தோட்டாவையும் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் போட்டுவிடுவாள்.

சாயங்காலம் மானுக்குத் தீனி போடும் ஃபீடர் பக்கம் மூன்று பெண் மான்கள் வந்தன. முதலாவது 80 யார்டில் நின்றது, லேசாக எங்கள் பக்கம் திரும்பி. முன்னங்காலை ஒட்டி, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வை என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அங்கேதான் வைத்தாள். மான் துள்ளி சீடர் புதருக்குள் ஓடியது.

அரை மணி காத்திருந்தோம். ஒரு பாறையில் காசு அளவுக்கு ரத்தம். கொஞ்சம் தள்ளி ஒரு புல்லில் தடவினாற்போல. அப்புறம் ஒன்றுமே இல்லை. ஹெட்லேம்ப் போட்டு இரவு பத்து மணி வரை தேடினோம்.

காலையில் ஓர் ஓக் மரத்தடியில் கண்டுபிடித்தோம். உயிரோடு இருந்தது. தலையை நிமிர்த்தி, இரண்டு காதையும் எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, முன்கால் மடங்கிவிட்டது. மகளைத் திரும்பிக்கொள் என்றேன். அவள் திரும்பவில்லை. நான் முடித்தேன்.

தோலை உரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தோள்பட்டை மேல் ஒரு கிண்ணம் அளவுக்குச் சதை பிய்ந்திருந்தது. எலும்பு விரிசல் விட்டிருந்தது. நெஞ்சுக்குள் ஒரு துளிகூடப் போகவில்லை. தோலுக்கடியில் செம்புத் துணுக்குகள், ரவை மாதிரி ஈயப்பொடி. பைக்குள் இருந்த பெட்டியை எடுத்துப் பார்த்தேன். 55 கிரெய்ன் (குண்டின் எடை), நரி மாதிரியான கொயோட்டி சுடுவதற்கு வாங்கியது. பட்டவுடன் சிதறுவதற்கென்றே செய்த குண்டு. மானுக்கென்று வாங்கிய 62 கிரெய்ன் பாண்டட், அதாவது சிதறாமல் ஒன்றாக நிற்கும் குண்டு, வீட்டு அலமாரியில் இருந்தது. இரண்டும் ஒரே நிறப் பெட்டி.

வண்டியில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, நான் வச்ச எடம் சரிதானே?"

இடம் சரி. குண்டுதான் தப்பு, அதை எடுத்து வைத்தது நான். அவளிடம் அப்படியே சொன்னேன். பதில் பேசவில்லை.


கொங்குவாசி (கொலராடோ)

படித்ததும் கஷ்டமாக இருந்தது அண்ணா. ஆனால் குண்டை மட்டும் குறை சொல்லாதீர்கள், காலிபரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இங்கே கொலராடோவில் .223ஐ மானுக்கு எடுத்துக்கொண்டே போக முடியாது. குறைந்தது .24 காலிபர், 70 கிரெய்ன் குண்டு, 100 யார்டில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் மிச்சம் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாஷிங்டன் மாநிலத்திலும் .24தான். வர்ஜீனியாவில் .23, அதாவது .223 அங்கேயும் வெளியே. இத்தனை பேர் உட்கார்ந்து கோடு போட்டிருக்கிறார்கள் என்றால் காரணம் இருக்கும். டெக்சஸில் ரிம்ஃபயர் (.22 மாதிரி, விளிம்பில் அடித்து வெடிக்கும் தோட்டா) கூடாது, சென்டர்ஃபயர் (நடுவில் அடித்து வெடிப்பது) எதுவும் ஆகும் என்று விட்டிருக்கிறார்கள். சட்டம் விடுகிறது என்பதற்காக நாம் எடுத்துக்கொண்டு போக வேண்டுமா?

என் கதை சின்னது. முதல் மியூல் மான், .243, 100 கிரெய்ன். 140 யார்டு. சுட்ட இடத்திலிருந்து பத்தடி தாண்டவில்லை. உதை .308ஐ விட நன்றாகக் குறைவு, என் மனைவியே சுடுகிறார். 1955இல் வந்த தோட்டா, அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு மான் வேட்டை கற்றுக்கொடுப்பவர்கள் கையில் இருக்கிறது. .223 சுமார் 1,280 அடி-பவுண்டோடு குழாயை விட்டுக் கிளம்புகிறது என்றால் .243 கிட்டத்தட்ட 1,950. தோள் எலும்பில் பட்டாலும் உள்ளே போவதற்கு அந்த மிச்சம் வேண்டும். பாப்பாவுக்கு ஒரு .243 வாங்கிக் கொடுங்கள். கட்டை சின்னதாக வைத்த யூத் மாடல் கிடைக்கும், உதையைத் தாங்கும் ரீகாய்ல் பேட் நல்லதாகப் போடுங்கள், காதுக்கு மஃப், பிளக் இரண்டும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். உதையை விடச் சத்தத்துக்குத்தான் பிள்ளைகள் பயப்படும்.


தென்தீவு (நியூசிலாந்து)

கொங்குவாசி, எனக்கு உடன்பாடில்லை. இங்கே மானுக்குக் குறைந்தபட்சக் காலிபர் என்று சட்டமே கிடையாது. மான் இந்த மண்ணுக்குச் சொந்தமில்லை, 1851இல் கொண்டுவந்து விட்டார்கள். தின்ன ஒரு விலங்கும் இல்லாமல் பெருகிவிட்டது. காட்டைக் காப்பாற்ற மான் குறைக்கிற வேலை பார்த்தவர்கள் .222ஐயும் .223ஐயும் சுமந்துதான் மலை ஏறினார்கள். நான் ஒன்பது வருடமாக .223தான். 77 கிரெய்ன், 1:8 ட்விஸ்ட் பேரல் (8 அங்குலத்துக்கு ஒரு சுற்று குண்டைச் சுழற்றும் குழாய்). 200 மீட்டருக்கு மேல் சுடுவதில்லை, தோள் எலும்பைத் தொடுவதில்லை.

ஆனால் என்னை உறுத்துகிற ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஃபேலோ மான். விடியற்காலை, மூடுபனி, 120 மீட்டர். தோளுக்குப் பின்னால் வைத்து விட்டேன். மான் அசையவே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தது, மறுபடி குனிந்து புல்லைக் கடித்தது. ஸ்கோப்பில் அதன் வாய் அசைவது தெரிகிறது. தவறிவிட்டது என்று நினைத்து அடுத்த தோட்டாவுக்கு போல்ட்டை இழுத்தேன். அந்த இரண்டு நொடி கண் ஸ்கோப்பில் இல்லை. திரும்பப் பார்த்தால் அதே இடத்தில் மான், அதே திசையில். சுட்டேன், விழுந்தது.

போய்ப் பார்த்தால் இரண்டு கிடக்கின்றன. முதலில் சுட்டது நாலடி நகர்ந்து மடங்கியிருக்கிறது. பின்னால் நின்றது அதன் இடத்துக்கு வந்திருக்கிறது. முதல் மானின் நுரையீரல் இரண்டும் கூழ். ஒரு துளி தவறவில்லை. பெரிய காலிபர் பட்டால் மான் குனியும், உதைக்கும், பட்டது தெரியும். .223 சில சமயம் எதையுமே காட்டாது.

இரண்டாவது சிறுசு. இரண்டையும் சுமந்து இறக்க நான்கு மணி நேரம் ஆனது. இங்கே எண்ணிக்கைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, யாரும் கேட்கப் போவதில்லை. நான் ஒன்றைச் சுடத்தான் போனேன்.


வன்னியான் (மெல்பேர்ண்)

தென்தீவு, உங்கட பனி எனக்குக் கண்ணில் தெரியுது.

விக்டோரியாவில் கணக்கு வேறு. ஃபேலோவுக்கு .243, 80 கிரெய்ன். சாம்பருக்கு .270, 130 கிரெய்ன். இதுக்குக் கீழே சட்டவிரோதம். சாம்பர் எண்டால் ஊரில் நாங்கள் மரை எண்டு சொல்லுறது. தமிழ்நாட்டு ஆக்கள் கடமான் என்பீர்கள். 1860களில் இங்க கொண்டுவந்து விட்டதில் இலங்கை மரையும் இருந்தது. முதன்முதலாக அதன் காலடியை இங்கத்தைய ஓடைச் சேற்றில் கண்டபோது கனநேரம் குந்தி இருந்து பார்த்தேன். ஊரில் அப்பா இடியன் துவக்கோடு (மருந்து இடிச்சுச் சுடுற நாட்டுத் துவக்கு) போன காலத்தில் நான் பார்த்த அதே அடி.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, ஓகஸ்ட் மாதம். ஓடைக்கரையில் ஒரு பெண் மரை நிண்டது. நான் நாற்பது மீட்டரில், காத்து என்ர முகத்துக்கு. ஓடவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தது. தண்ணியில் வாயை வைக்குது, எடுக்குது, வைக்குது, எடுக்குது. தண்ணி உள்ளே போகவில்லை, பக்கத்தால வழியுது. பைனாகுலரில் பார்த்தேன். கீழ்த் தாடை தொங்கினபடி. புழு.

சுட்டுப்போட்டுப் பக்கத்தில் போனேன். தாடை எலும்புக்குள்ள ஒரு சின்ன ஈயக்கட்டி, நசுங்கி, உளுந்தை விடக் கொஞ்சம் பெரிசு. .22 ரிம்ஃபயர். யாரோ இரவில் லைட் அடிச்சு, சத்தம் வெளியே வராமல், தலைக்கு வைச்சிருக்கிறான். மூளைக்கு வைச்சது தாடையில பட்டிருக்குது. மரை அதுக்குப் பிறகு எத்தனை நாள் தண்ணிக்கு வந்து போனதோ.

.223 கூடுமோ கூடாதோ எண்டு நீங்கள் கதையுங்கோ. தலைக்குச் சுடுறதைப் பற்றி யாரும் பெருமையாகக் கதைச்சால் என்னால் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது.


பனிவயல் (ஆல்பர்ட்டா)

வன்னியான் அண்ணா, சுடுகிறவர் கைதான் முக்கியம் என்பேன். எங்கள் ஸ்லேவ் லேக் பக்கத்தில் 1953இல் பெல்லா ட்வின் என்ற க்ரீ பழங்குடிப் பெண்மணி, அறுபது வயதைத் தாண்டியவர், ஒற்றைத் தோட்டா .22 வைத்து கிரிஸ்லி கரடியைச் சாய்த்தார். அப்போதைக்கு உலக சாதனைக் கரடி அது.


கொங்குவாசி (கொலராடோ)

அந்தக் கதை எனக்கும் தெரியும். அவர் கரடியைத் தேடிப் போகவில்லை. சில அடி தூரத்தில் வந்துவிட்டது, கையில் இருந்தது அதுதான், வேறு வழியில்லாமல் சுட்டார். விழுந்த பிறகும் திரும்பத் திரும்பத் தோட்டா போட்டுச் சுட்டார், எழுந்துவிடக் கூடாதென்று. அந்த அம்மாவின் துணிச்சலை நான் மதிக்கிறேன். மானுக்கு .22 போதும் என்பதற்கு அதை எடுத்துக்காட்டாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். .22 ரிம்ஃபயரும் .223உம் குறுக்களவில் ஏறக்குறைய ஒன்று. ஆற்றலில் அது இதன் ஒன்பதில் ஒரு பங்குதான்.


பழைய கோவில்பட்டி (ஹூஸ்டன்)

தேனிக்காரன் தம்பி, எனக்கு வயது 67. இந்த ஊரில் 22 வருடமாக மான் சுடுகிறேன். கிரீன் கார்டு வருவதற்கு முன்னால், விசாவில் இருந்தபோதே வேட்டை உரிமம் எடுத்துத்தான் துப்பாக்கியைத் தொட முடிந்தது. அதனால் உரிமம் எனக்குப் பெரிய விஷயம். ஒருமுறை .223இல் ஒரு மானைத் தொலைத்திருக்கிறேன். கிடைக்கவே இல்லை. அதன் ரத்தம் பட்ட புல்லை ஒரு வாரம் சட்டைப்பையில் வைத்திருந்தேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

கேட்காமல் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் ரத்தத்தின் நிறம் பார்க்க வேண்டும். வெளிர் சிவப்பு, நுரை நுரையாக இருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், மூன்று நான்கு மணி நேரம் விட்டுவிட வேண்டும். பச்சையோ பழுப்போ கலந்து நாற்றம் வந்தால் குடல். அப்போது பின்னாலேயே போகக் கூடாது, இரவு முழுக்க விட்டாலும் பரவாயில்லை. துரத்தினால் படுத்திருக்கும் மான் எழுந்து இன்னும் ஒரு மைல் போகும். உங்கள் மானின் ரத்தம் கொஞ்சமாக, ஆரம்பத்தில் இருந்து பிறகு நின்றுவிட்டது என்கிறீர்கள். அது தசைக் காயத்தின் அடையாளம். அந்த நேரத்தில் நாயைக் கூப்பிட வேண்டும். டெக்சஸில் பெரும்பாலான மாவட்டங்களில் காயம்பட்ட மானைத் தேட நாய் வைத்துக்கொள்ளலாம். பணம் வாங்காமல் நாயோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். சீசனுக்கு முன்பே உங்கள் லீஸ் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நிற்கும் விதம். .223 வைத்திருந்தால் மான் முழுப் பக்கவாட்டில் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். லேசாகத் திரும்பினாலும் தோள் எலும்பு குறுக்கே வந்துவிடும். தெரிந்த மானிடம் பொறுமையாக இருக்கலாம், ஃபீடருக்கு நாளைக்கும் வரும். மூன்றாவது, வீட்டில் கொயோட்டித் தோட்டாவையும் மான் தோட்டாவையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள். நான் மான் பெட்டியில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்து ஒரு கோடு போட்டிருக்கிறேன், ஒவ்வொரு தோட்டாவின் அடியிலும் ஒரு பொட்டு. பிளைண்டில் (மறைந்து உட்காரும் கூண்டில்) இருட்டில் விரலால் திருப்பிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நான்காவது, குண்டை மாற்றினால் ஸ்கோப்பை மறுபடி ஜீரோ செய்ய வேண்டும், அதாவது குறி வைத்த இடத்தில் குண்டு விழும்படி திருத்த வேண்டும். 55க்கு வைத்த ஜீரோ 62க்குச் சரியாக வரும் என்று நம்பாதீர்கள்.

கொங்குவாசி தம்பி சொன்ன .243 நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கை பழகிய ரைபிளைப் பிடுங்கிவிட்டால், தப்பு தன்னுடையது என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதையும் யோசியுங்கள்.


மணிமுத்தாறு (மிச்சிகன்)

தேனிக்காரன் அண்ணா, உங்கள் பேரல் ட்விஸ்ட் என்ன? என் மாமனார் கொடுத்த பழைய ரைபிள் 1:12. அதில் 62 பாண்டட் போட்டால் 50 யார்டிலேயே குண்டு பக்கவாட்டில் போய்க் காகிதத்தில் சாவித்துளை மாதிரி ஓட்டை விழுகிறது. இதற்கு என்ன போடலாம்?


தென்தீவு (நியூசிலாந்து)

1:12 என்றால் 55 கிரெய்னைத் தாண்டாதீர்கள், குண்டு நீளமாக நீளமாகச் சுழற்சி போதாது. 55லேயே பாண்டட் இருக்கிறது, அது போடுங்கள். முழுச் செம்பு குண்டு அதே எடையில் இன்னும் நீளமாக இருக்கும், அதை முதலில் காகிதத்தில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.


தேனிக்காரன் (டெக்சஸ்)

என்னுடையது 1:9, பேரலிலேயே பொறித்திருக்கிறது. 62 நன்றாகவே போகிறது.

கோவில்பட்டி ஐயா, கடைசியில் நீங்கள் எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். .243 பார்க்கக் கடைக்குப் போகலாமா என்று போன வாரம் மகளிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை, இப்போது புரிகிறது.

வன்னியான், நீங்கள் சொன்ன அந்த மரை தண்ணீரில் வாயை வைத்து வைத்து எடுத்தது இரவு தூக்கத்தில் வந்தது.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போனோம். அலமாரியிலிருந்து பெட்டியை அவளே எடுத்து வந்தாள். மூடியில் இருந்ததை எழுத்து எழுத்தாக வாசித்தாள், 62, பாண்டட், சாஃப்ட் பாயின்ட். அப்புறம் மூடியைத் திறந்து ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து முனையைப் பார்த்து மேஜையில் நிறுத்தி வைத்தாள். இருபதும் வைத்து முடியும் வரை நான் ஒன்றும் பேசவில்லை. ரைபிளை என்னைச் சுடச் சொன்னாள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் அவள் பார்த்து எங்கே விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிளைண்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.